ஊசி வால்

தண்டிக்குடியில் கடல் இல்லை.
இருப்பது காப்பி, மிளகு, மலைவாழை,
குளவி முட்டையிட்டு இலையெல்லாம் முடிச்சாகிச்
செத்துக்கொண்டிருக்கும் கல்யாண முருங்கை.
விறகுக்கும் ஆகாத மரம்.
அடுப்பில் வைத்தால் புகையும், கூரையில் வைத்தால் உளுக்கும்.
தோளில் வைத்தால் மட்டும்
வைத்ததே மறந்துவிடும்.
அதில்தான் அலைப்பலகை செய்கிறேன்.
எனக்கு நீச்சல் தெரியாது.

மணப்பாட்டிலிருந்து சகாய ஷெரின் பேசினாள்.
காற்று பாதிப் பேச்சைத் தின்றுவிட்டது.
"சின்ன அலையில நல்லாத்தான் போகுதுக்கா.
பெரிசு வந்தா வால் வழுக்குது.
நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்."
வழுக்குவது என்றால் எப்படி?
"வழுக்குறதுன்னா வழுக்குறதுதான்."

போர்வை சுற்றிப் பலகையைத் திருப்பி அனுப்பினாள்.
திருச்செந்தூர், மதுரை, வத்தலக்குண்டு.
அங்கே போய் நான் வாங்கி ஏற்றியபோது
கண்டக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு,
"யாரும்மா?" என்றார்.
அரை டிக்கெட் போட்டார்.

கடைசி இருக்கை. மடிமேல் அதன் வால்.
கொண்டை ஊசி வளைவில்
டிரைவர் திரும்பி முடித்து அடுத்த கியரும் போட்டுவிட்டார்;
நாங்கள் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தோம்.
முன்னால் இருந்தவர்கள் தூங்கினார்கள்.
பின்னால், ஒரு கூடைத் தக்காளியும் நானும்
ஜன்னலுக்குப் போய் வந்தோம்.
எதிரே ஒரு ஜீப், குறுகின பின்புறம்,
வளைவின் உள்ளோரத்தைக் கவ்வியபடி இறங்கிப் போனது.
ஓ, இதுவா வழுக்கல்.

அன்று ராத்திரி குழாயைத் திறந்துவிட்டு
கரண்டியின் முதுகைத் தண்ணீரில் லேசாகத் தொட்டேன்.
தள்ளும் என்று நினைப்பீர்கள்.
உள்ளே இழுக்கும்.
உருண்டையைத் தண்ணீர் விடாது, சுற்றிக்கொண்டு வரும்.
தோசைத் திருப்பியின் விளிம்பைக் காட்டினால்
அறுந்து, அதன்பாட்டுக்குப் போய்விடும்.
பலகையின் ஓரம் நடுவில் கரண்டி,
வாலுக்கு வரும்போது தோசைத் திருப்பி.
அதுவரை சரியாகத்தான் செய்திருந்தேன்.

தப்பு அகலத்தில்.
அகல வால் நிறையத் தண்ணீரை மிதித்து நிற்கும்,
சோம்பல் அலையிலும் பின்னால் தூக்கிக் கொடுக்கும்.
அலை சுவராக எழும்போது அந்தத் தூக்கலே வினை.
ஓரம் அமிழாது. அமிழாதது பிடிக்காது.
மீன் வாலாகப் பிளந்தால்
அகலமும் மிஞ்சும், திரும்பும் பக்கத்துக் கூரும் கடிக்கும்.
ஷெரினிடம் கேட்டேன்.
"நண்டு மாதிரி இருக்கும். வேண்டாம்."

கயிறு பிடித்துக் கோடு போட்டேன்.
இரண்டு பக்கமும் பிறை பிறையாய் அறுத்தேன்.
ஒரு சாணுக்கு மேல் இருந்த வால்
கடைசியில் விரல்நுனிக்கு வந்தது.
துடுப்பை அரை இஞ்சு பின்னால் தள்ளினேன்.

பிறகு நாலு நாள் பனி.
மூடுபனியைக் கடல் என்று எழுதுகிறவர்கள்
அதில் பிசின் காய வைத்ததில்லை.
குண்டு பல்பு இரண்டு, மேலே பழைய ஜமுக்காளம்,
கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோல் போட்டுக்
காவல் இருந்தேன்.
தொட்டால் ஒட்டியது. மறுநாளும் ஒட்டியது.
ஐந்தாம் நாள் நகத்தால் தட்ட,
டக் என்றது.

ஆனி மாதக் காற்றில் அவள் கூப்பிட்டாள்.
மூச்சு வாங்கியது.
"பிடிக்குதுக்கா! சுவர்ல பல்லி மாதிரி."
கொஞ்சம் பொறுத்து,
"ஆனா சின்ன அலையில பிணம்.
அகல வால் வச்சு இன்னொண்ணு வேணும்."
அறுத்தெறிந்த பிறைகளைப் பார்த்தேன்.
ஒன்று கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது.
மற்றதைக் காணோம்.

திங்கள்கிழமை பிசின் வாங்கக் கீழே இறங்கினேன்.
முன்னால் இடம் இருந்தும் கடைசி இருக்கை.
ஏழாவது வளைவு வந்ததும்
பின்னங்காலைத் தரையில் ஊன்றி
உள்பக்கமாகச் சாய்ந்து
அழுத்திப் பார்த்தேன்.

பஸ் கேட்கவில்லை.